கொப்புக்கள்ளி

நெடுந்தீவில் விதானையாராக, அதாவது கிராம அலுவலராக, பதவியேற்ற மூன்றாம் நாள் எனக்கு வந்த முதல் முறைப்பாடு ஒரு செவ்வரத்தைக் கொப்பைப் பற்றியது. செம்பருத்தியை நாங்கள் செவ்வரத்தை என்போம். எல்லைச் சண்டை, காணி உறுதிச் சிக்கல் என்று பெரிதாக ஏதாவது வரும், அதைத் தீர்த்துவைத்துப் பெயரெடுக்கலாம் என்று புதுச் சேர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. தன் முற்றத்தில் நின்ற அடுக்குச் செவ்வரத்தையில் ஒரு கொப்பை இன்னார் வெட்டிக்கொண்டு போனார் என்று அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு கொப்புத்தானே மாஸ்டர்," என்றேன்.

"கேட்டிருந்தால் நாலு கொப்பு வெட்டிக் குடுத்திருப்பன். கேக்கேல்லை. அதுதான் முறைப்பாடு."

விசாரணைக்குப் போனேன். இறங்குதுறைக்குப் போகிற வீதியில், கல் அடுக்கிய வேலிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முற்றத்தில் நின்று அரிசி களைந்த தண்ணீரை ஒரு போத்தலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டும் கீழே விழவில்லை. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் நீளக்கைச் சேர்ட். இடுப்பில் ஒரு சின்னக் கத்தி. கடற்கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகியவர்களின் குரல் அவருக்கு. பக்கத்தில் நிற்பவரோடும் அப்படித்தான் பேசுவார்.

"புது விதானையாரோ? வாரும், இரும். ஓம், நான்தான் வெட்டினனான். எழுதும்."

"கேட்டு வாங்கியிருக்கலாமே அக்கா?"

"கேட்டு வாங்கின கொப்பு பிடிக்காது. களவாக் கொண்டந்து நட்டால்தான் தழைக்கும். உம்மடை ஊரில அப்பிடிச் சொல்லுறேல்லையோ?"

என் ஊர் காரைநகர். அங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டு மல்லிகையே அம்மா கோயிலுக்குப் போன வழியில் எங்கேயோ கிள்ளி வந்ததுதான். அரசாங்க உத்தியோகத்தன் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளலாமா? இனிமேல் கேட்டு எடுக்கவேண்டும் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை என் விடுதி வாசலில் நின்ற வெள்ளைச் செவ்வரத்தையில் ஒரு கொப்புக் குறைந்திருந்தது.

ஊர் அவருக்குக் கொப்புக்கள்ளி என்று பெயர் வைத்திருந்தது. அவருக்கும் அது தெரியும். தபாற்கந்தோரில் ஒருநாள் யாரோ முணுமுணுத்தது கேட்டுத் திரும்பி, "கொப்பு மட்டும்தான். வேரைத் தொடமாட்டன்," என்று தன் தொழில் நேர்மையை விளக்கினார்.

அவர் ஏன் கொப்புத் திருடினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே போவதற்குச் சில வருடங்களுக்கு முன், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில், ஒரு மாப்பிள்ளை வீட்டார் புங்குடுதீவில் நடக்கவிருந்த கலியாணத்துக்கு விடியற்காலையில் வள்ளத்தில் போனார்கள். வள்ளம் நடுக்கடலில் கவிழ்ந்தது. மாப்பிள்ளையும் அவருடைய தாயும் இன்னும் சிலரும் பலகையைப் பிடித்துத் தப்பினார்கள். மற்ற ஒன்பது பேரும் போய்விட்டார்கள். வள்ளத்தை ஓட்டியவரும் போனார். அப்படி ஓட்டுபவரை அங்கே தண்டையல் என்பார்கள். இந்த அக்கா அந்தத் தண்டையலின் மனைவி.

ஆனால் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஊர் ஒன்பது என்றுதான் சொல்லும். காற்று ஏறிய கடலில் வள்ளத்தை இறக்கியவன் தண்டையல், அவனை எப்படி மற்றவர்களோடு சேர்ப்பது என்பது ஊரின் தீர்ப்பு. அவருடைய செத்தவீட்டுக்கு அந்த ஒன்பது வீடுகளிலிருந்தும் ஒருவரும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் கொலைகாரன் வீட்டுச் சாவுக்கும் நாலு பெண்கள் போய்க் கழுத்தைக் கட்டி அழுதுவிட்டு வருவார்கள். இந்த அக்கா தனியாக அழுதிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஒன்பது பேருக்கும் நினைவுத்தூண் கட்டவேண்டும் என்று வெளிநாட்டிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் கதை வந்துகொண்டே இருந்ததாம். கதை மட்டும்தான் வந்தது. "தூண் பூக்குமோ?" என்று கேட்டுவிட்டு அக்கா கல் உடைக்கும் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறை வீதிக்குப் போனார். செத்தவர்கள் கடைசியாக நடந்த வீதி அது. அதன் ஓரத்தில் ஒன்பது செவ்வரத்தை வைப்பது என்று முடிவு. "புருசன் செய்ததைப் பெண்சாதி பூ வைச்சு மறைக்கப் பாக்கிறாள்," என்று ஊர் சொன்னது. மாஸ்டரும் சொன்னார். அவருடைய தங்கை அந்த ஒன்பது பேரில் ஒருவர் என்பதை அறிந்த பிறகுதான் அந்த இரண்டு பக்க முறைப்பாட்டின் கனம் எனக்கு விளங்கியது.

ஒருமுறை நான் கேட்டேன். "அக்கா, போனது பத்துப் பேரெல்லோ. அண்ணைக்கு ஒண்டு வைக்கேல்லையோ?"

அவர் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பத்தாவதை நான் வைச்சால் அது பெண்சாதி புருசனுக்கு வைச்ச கண்டு. அதை வளவுக்குள்ள வைக்கலாம். ரோட்டில வைக்கிறதெண்டால் ஊர் வைக்கவேணும்."

"ஊர் வைக்காட்டில்?"

"வைக்கும். முதல் ஒன்பதும் பூக்கட்டும்."

இன்னும் இரண்டு கல் வைத்தபின் அவராகவே சொன்னார். "அண்டைக்கு விடிய எழும்பி வெளியில வந்து காத்தைப் பாத்தவர். 'இண்டைக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வாறன்' எண்டு போன மனிசன். அந்தச் சொல்லை ஆர் கேக்கேல்லை எண்டு நான் விசாரிக்கப் போறேல்லை." பிறகு அடுத்த கல்லை எடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கும் அந்தச் செடிகள் பூத்தாகவேண்டும் என்று ஆகிவிட்டது. செடி செத்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பாவத்தின் கையால் வைத்தது எப்படித் தழைக்கும் என்று சொல்லும். பூத்தால் அதற்குப் பேச்சு இல்லை.

ஆனால் நெடுந்தீவில் செடி வைப்பது இலேசான காரியமில்லை. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே எல்லாம் கல். குழி தோண்டுவது என்றால் கல் உடைப்பதுதான். உடைத்த கல்லையே குழியைச் சுற்றி இடுப்பளவுக்கு வட்டமாக அடுக்கினார். ஆடு எட்டாது. ஆனால் அங்கே திரியும் குதிரைகள் கழுத்தை உள்ளே விட்டன. நெஞ்சளவுக்கு அடுக்கினார். கடல் பக்கத்து உப்புக் காற்றுக்குப் பனையோலைத் தட்டி கட்டினார். "இது ஏலாத வேலை அக்கா," என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஏலாது எண்டுறது கடலைப் பாத்துச் சொல்லுற சொல்லு, விதானையார். தரையில நிண்டுகொண்டு சொல்லக்கூடாது," என்றார். அதன்பிறகு அந்தத் தீவில் இருந்த காலம் முழுவதும் அந்தச் சொல்லை நான் மிகவும் கவனமாகத்தான் பாவித்தேன்.

கொப்புத் திருட்டுக்கு வருகிறேன். ஊரில் கொஞ்சப் பேருக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது. கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். வாங்கினால் கொப்பு பிடிக்காது. ஆகவே ஒரு வழக்கம் தானாக உண்டானது. அக்கா படலையடியில் நின்று, "செவ்வரத்தை நல்லாத்தான் நிக்குது," என்று உரக்கச் சொல்வார். வீட்டுக்காரி, "அடுப்பில பால் கிடக்கு, நான் குசினிக்குள்ள போறன்," என்று அதைவிட உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கத்தி வேலை செய்யும். அந்த வருடம் நெடுந்தீவில் பொங்கி வழிந்த பாலுக்கு அளவில்லை.

கடற்படை முகாம் வாசலில் றோசா நிறச் செவ்வரத்தை ஒன்று நின்றது. அக்கா அதைக் கண்வைத்துவிட்டார். காவலுக்கு நின்ற பையன் தெற்கிலிருந்து வந்தவன். தமிழ் தெரியாது. இவர் இரண்டு நாள் வந்து அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, தானே ஒரு பெரிய கொப்பை முறித்துக் கம்பிக்கு மேலாக நீட்டினான். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவனுக்கு விளங்கவில்லை. கொப்பை நிலத்தில் போடச் சொல்லிக் கையால் காட்டினார். போட்டான். பிறகு திரும்பி நிற்கச் சொல்லிக் காட்டினார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அணிவகுப்பில் திரும்புகிற மாதிரிக் காலைத் தட்டித் திரும்பி நின்றான். அக்கா எடுத்துக்கொண்டு நடந்தார். வீதியில் சைக்கிளோடு நின்ற நான் சிரிப்பை அடக்கமுடியாமல் மதில் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கொப்புத்தான் ஒன்பதிலும் முதலில் துளிர்த்தது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

தண்ணீர்தான் பெரிய பாடு. பல கிணறுகளில் உவர். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலையவேண்டும். அக்கா தன் வீட்டு அரிசி களைந்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் போத்தல் போத்தலாகக் கொண்டுபோனார். ஒரு வீட்டுத் தண்ணீர் ஒன்பது செடிக்கு எப்படிக் காணும்? இந்த இடத்தில்தான் நான் புத்திசாலித்தனமாக ஒரு பிழை செய்தேன்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு பலகை வைத்து, அதில் செத்தவரின் பெயரை எழுதினால் அந்தந்த வீட்டார் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள் என்றேன். அக்கா அரை மனதோடு சரி என்றார். வெள்ளைப் பெயின்ற் அடித்து, நீல எழுத்தில் ஒன்பது பெயரையும் நானே எழுதினேன். என் கையெழுத்துக்கு நல்ல பெயர் உண்டு. நான் நினைத்தபடியே நடந்தது. காலையில் குறிகட்டுவானுக்குப் போகிற படகுக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டுச் செடிக்கு ஒரு போத்தல் ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் மிதந்துகொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் போனது. செடி மெல்ல மெல்ல ஆளாகத் தொடங்கியது. "தங்கச்சி இண்டைக்கு வாடிப்போய் நிக்கிறாள்," என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். செடியைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்கு நேரமெடுத்தது. ஒருவர் மற்றவருடைய செடியின் உயரத்தைப் பார்த்து முகம் சுருங்கினார். யாரோ யாருடையதோ ஓலைத் தட்டியை இழுத்துத் தங்கள் பக்கம் வைத்தார்கள் என்று என்னிடம் முறைப்பாடு வந்தது.

பிறகு ஒருநாள் ஒரு மாடு கல்லைச் சரித்துவிட்டு ஒரு செடியை அடியோடு தின்றுவிட்டது. அது கிணற்றடி மாமியின் மகனுடைய செடி. கிணற்றடி மாமி என்பது அந்த மாப்பிள்ளையின் தாய். கவிழ்ந்த வள்ளத்திலிருந்து தப்பியவர். மூத்த மகனுக்குக் கலியாணம் செய்துவைக்கப் போய் இளையவனைக் கடலில் விட்டவர். கலியாணம் நடக்கவே இல்லை. மூத்தவனும் கனடாவுக்குப் போய்விட்டான். காலையில் போத்தலோடு வந்த மாமி வெறுங் குழியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அப்படியே கல்லின் மேல் விழுந்து, "இரண்டாம் தரமும் விட்டிட்டனே ராசா," என்று கதறினார். படகுக்கு வந்த சனமெல்லாம் சுற்றிக் கூடிவிட்டது. என் நீல எழுத்து அவர் முகத்துக்கு நேரே நின்றது.

அன்று பின்னேரம் அக்கா ஒன்பது பலகையையும் பிடுங்கிக்கொண்டு போய்க் கோடாலியால் கொத்தி அடுப்புக்கு வைத்துவிட்டார். வெறுங் குழியில் புதுக் கொப்பு ஒன்றை நட்டார். அது மாஸ்டர் வீட்டுக் கொப்பு. இந்தமுறை மாஸ்டர் முற்றத்தில்தான் நின்றார். அக்காவைக் கண்டதும், "என்ரை கண்ணாடியைக் காணேல்லை, உள்ளுக்குப் போய்த் தேடப்போறன்," என்றார். கண்ணாடி அவருடைய மூக்கில் இருந்தது.

அதோடு முடியவில்லை. மாரி தொடங்கி, கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாள் ஒன்று வந்தது. இறங்குதுறை வீதியில் ஒரு குருவியும் இல்லை. அக்கா என்னை மண்வெட்டியோடு வரச் சொன்னார். கொட்டும் மழையில் ஒன்பது கன்றையும் மண்ணோடு கிளப்பினோம். எல்லாம் செவ்வரத்தைதான். பிந்தி நட்டதும் அதற்குள் மற்றவற்றின் உயரத்துக்கு வந்திருந்தது. பூக்கும்வரை நிறம் தெரியாது. ஓலைப் பாயில் வைத்து என்னைக் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றச் சொன்னார். பிறகு தானும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினார். கைக்கு வந்ததை வந்த குழியில் நட்டோம். முடிந்தபோது எது எவருடையது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மழை விட்டதும் கிணற்றடி மாமி வந்தார். "பிள்ளை, இதில என்ரை மோன் எது?" என்று கேட்டார்.

"தெரியாது மாமி. ஒன்பதுக்கும் ஊத்துங்கோ. ஒண்டு உங்கடை."

மாமி கையிலிருந்த போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்பதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மறுநாள் வாளியோடு வந்தார். ஒரு கிழமைக்குள் எல்லா வீட்டாரும் எல்லாச் செடிக்கும் ஊற்றினார்கள். எந்தச் செடி வாடினாலும் ஒன்பது வீடும் பதறியது. ஓலைத் தட்டி சரிந்தால் முதலில் கண்டவர் நிமிர்த்தினார். மாட்டைக் கண்டால் படகுக்குப் போகிறவரும் பையை வைத்துவிட்டு ஓடினார். என்னிடம் முறைப்பாடு எதுவும் வரவில்லை. என் உத்தியோகத்தில் நான் கண்ட மிகச் சிறந்த நிர்வாகம் அதுதான். அதில் என் பங்கு கண்ணை மூடியது மட்டும்.

முதல் பூ வந்த காலை படகு பிந்தியே புறப்பட்டது. சனம் ஏறினால்தானே? வெள்ளைப் பூ. நடுவில் சிவப்பு. அது என் விடுதி வாசலில் வெட்டியது என்று எனக்கு ஒரு சந்தேகம். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சிவப்பு, மஞ்சள், அடுக்கு, கடற்படைப் பையனின் றோசா. கச்சான் தொடங்கும்போது ஒன்பதும் பூவோடு நின்றன. கல்லும் உப்புமான அந்த வீதியில் அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு தெரியும். நான் அங்கிருந்து மாற்றலாகி வந்து கனகாலம். இன்றைக்கும் யாராவது கைத்தொலைபேசியில் படம் அனுப்புவார்கள். கந்தோரில் எல்லோருக்கும் காட்டுவேன், அவர்கள் கேட்காவிட்டாலும்.

நினைவு நாள் வந்தது. வழமையாக இறங்குதுறையில் நின்று மாஸ்டர் ஒன்பது பெயரையும் வாசிப்பார், கடலில் பூப் போடுவார்கள். அந்த முறை செடிகளின் முன்னால் கூடினார்கள். அக்கா எப்போதும்போலத் தூரத்தில், தன் வீட்டு வேலியோடு நின்றார். மாஸ்டர் ஒன்பது பெயரையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"மடியாதையுங்கோ மாஸ்டர்," என்றார் கிணற்றடி மாமி. "இன்னும் ஒரு ஆள் இருக்கு."

மாமி சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அண்டைக்குத் தண்டையல் ஏலாது எண்டு சொன்னவர். காத்து விழட்டும், மத்தியானம் பாப்பம் எண்டவர். நான்தான் முகூர்த்தம் போகுது, எடும் எண்டு நிண்டனான். மாப்பிள்ளையின்ரை தாய் எண்ட தடிப்பு. உமக்குப் பயமெண்டால் வேறை ஆளைப் பாக்கிறம் எண்டும் சொன்னனான். அதுக்குப் பிறகு அந்த மனிசன் ஒண்டும் கதைக்கேல்லை. வள்ளத்தைத் தள்ளினவர். தப்பின ஆக்களில கனபேருக்கு இது தெரியும். செத்த மனிசன்ரை தலையில போட்டிட்டு இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டம்."

சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். தாளில் எழுதினார். பிறகு முதலிலிருந்து வாசித்தார். பத்துப் பெயர். பத்தாவது பெயரை வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவது மாதிரித் தெளிவாகக் கூப்பிட்டார்.

மாமி வேலியடிக்குப் போனார். சனம் பின்னால் போனது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நான் செய்த வேலை உனக்குத் தெரியாது…" என்று தொடங்கினார்.

"தெரியும் மாமி," என்றார் அக்கா. "அண்டைக்குப் பின்னேரமே தெரியும்."

தப்பி வந்தவர்களில் யாரோ சொல்லியிருக்கவேண்டும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மாமியின் மகனுக்குக் கல் உடைத்துக் குழி வெட்டியிருக்கிறார். அந்த மாமி ஒருமுறை கதறியதற்காகத்தான் ஒன்பது பலகையையும் கொத்தி எரித்திருக்கிறார். பெண்கள் அவரைச் சுற்றிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். வருடக்கணக்கில் பிந்தி வந்த செத்தவீட்டு அழுகை அது. அக்காவும் அழுதார், தன் வழமையான பெரிய குரலில், ஊர் முழுவதும் கேட்க.

பிறகு சேர்ட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"சரி, காணும். குழியைக் கிண்டுங்கோ முதல்ல. வெய்யில் ஏறுது."

அலவாங்கை முதலில் எடுத்தவர் மாஸ்டர்.